மேல் கடைவாய்க்கு இம்பிளான்ட்: எலும்பு கூட்டுவதா, கூட்டாமல் சமாளிப்பதா?

மேல்தாடையில் கடைவாய்ப் பல் போய் நாலைந்து வருடம் ஆனவர் இம்பிளான்ட் வைக்கப் போனால், பெரும்பாலும் முதலில் காதில் விழுவது "எலும்பு பத்தாது" என்பதுதான். அடுத்ததாக "சைனஸ் லிஃப்ட் பண்ணி பவுடர் போடணும்" என்பார்கள்; மேல்தாடைக்குள் இருக்கும் சைனஸ் அறையின் அடிச்சவ்வைத் தூக்கி, அங்கே எலும்பு வளரத் தூள் நிரப்புவதுதான் அது. எத்தனை மில்லிமீட்டர் பத்தாது, பவுடர் இல்லாமல் வழி உண்டா, அந்த இடத்தில் பல்லே வேண்டுமா என்ற கேள்விகள் இந்த இரண்டுக்கும் நடுவில் காணாமல் போய்விடும். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ மூன்று வார லீவில் வரும் பிள்ளைகள், போவதற்குள் ஆச்சிக்குப் பல்லைக் கட்டி முடித்துவிடப் பார்ப்பார்கள். அது எந்த வழியில் நடக்கும், எதில் நடக்காது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மேல் கடைவாய்ப் பற்களின் வேருக்கு மேலே, மேல்தாடை எலும்புக்குள், சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனதும் எலும்பு இரண்டு பக்கமிருந்தும் குறையும். கீழே ஈறு மேடு தேயும், மேலே சைனஸின் தரை இறங்கும். பல் எடுத்த ஒரு வருடத்துக்குள் மேட்டின் அகலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதிலும் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். மிச்சம் இருக்கும் எலும்பும் கீழ்த்தாடைபோல் கெட்டி இல்லை, பொருபொருவென்று இருக்கும். அதனால்தான் கீழே சுலபமாக முடியும் வேலை மேலே இழுத்தடிக்கிறது.

இன்னும் பல் எடுக்காமல் "எடுக்கத்தான் வேண்டும்" என்ற நிலையில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். வேரை உடைக்காமல், சுவர் எலும்பு சிதையாமல் எடுத்து, குழியை அன்றே கிராஃப்ட் தூளால் நிரப்பி மூடிவைத்தால் மேடு குறைவதைப் பெருமளவு தடுக்கலாம். சைனஸ் தரை இறங்குவதை அது முழுதாகத் தடுக்காது. ஆனாலும் பின்னால் வரக்கூடிய பெரிய அறுவையை இந்தச் சின்ன வேலை பல சமயம் தவிர்த்துவிடும்.

ஸ்கேனில் என்ன பார்க்க வேண்டும்

முழுத் தாடையும் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே முதல் பார்வைக்குச் சரி. ஆனால் அதில் அளவுகள் கால்வாசி வரை பெருக்கித் தெரியும், அகலம் தெரியவே தெரியாது. 7 மி.மீ. என்று படத்தில் தெரிவது உள்ளே 5½ ஆக இருக்கலாம். எந்த வழி என்பதே இந்த வித்தியாசத்தில் மாறிவிடும். ஆகவே தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் இல்லாமல் முடிவெடுக்க வேண்டாம். ஸ்கேன் எடுக்கும்போது பல் வரிசையோடு நிறுத்தாமல், சைனஸ் மூக்கோடு திறக்கும் வாய் வரை வருமாறு எடுக்கச் சொல்ல வேண்டும். அந்தத் திறப்பு அடைத்திருந்தால், மேலே போடும் எந்தத் தூளும் சீழில்தான் முடியும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: இம்பிளான்ட் வரும் இடத்தில் எலும்பின் உயரம் எத்தனை மி.மீ.? அகலம் எத்தனை? சைனஸ் சவ்வு தடித்திருக்கிறதா? உள்ளே குறுக்குச் சுவர் இருக்கிறதா? பக்கச் சுவரில் ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது? இவற்றுக்குத் திரையைக் காட்டிப் பதில் சொல்பவரிடம் வாயைத் திறந்து உட்காரலாம்.

உயரத்தை வைத்துத் தோராயமாகச் சொன்னால்: 10 மி.மீ. அல்லது கூடுதல் என்றால் எலும்பு கூட்டும் பேச்சே தேவையில்லை. 8 முதல் 10 வரை சாதாரண அல்லது சற்றே குட்டையான இம்பிளான்ட் போதும். 5 முதல் 8 வரைதான் உண்மையான தேர்வு இருக்கும் இடம். 4-5க்குக் கீழே போனால் கன்னப் பக்கத்து எலும்பில் சன்னல் வெட்டிச் செய்யும் பக்கவாட்டு சைனஸ் லிஃப்ட், அல்லது அந்த இடத்தையே விட்டு விலகும் வழிகள்.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழி

போனது கடைசிக்கு முந்தைய பெரிய கடைவாய்ப் பல் மட்டும், அதாவது நடுவிலிருந்து எண்ணினால் ஏழாவது என்றால், பலருக்கு அங்கே பல் வைக்கவே தேவையில்லை. முன்பற்களும் இரண்டு பக்கச் சின்னக் கடைவாய்ப் பற்களும் ஜோடியாகக் கடித்தால், சாப்பாட்டுக்கு அது போதும் என்பது பல் மருத்துவத்தில் 1980களிலிருந்தே பேசப்படும் கருத்து. எதிரே உள்ள கீழ்ப்பல் மேலேறுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். ஏழாவது பல்லுக்காகப் பக்கவாட்டு சைனஸ் லிஃப்ட் செய்யச் சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

இரு பக்கத்துப் பற்களுக்கும் ஏற்கெனவே கேப் போட்டிருந்தாலோ, சொத்தைக்குப் பெரிய அடைப்பு இருந்தாலோ பிரிட்ஜ் நல்ல வழி. இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். லீவுக்கு வந்தவருக்கு இதைவிட விரைவான நிலையான பல் இல்லை. பக்கத்துப் பற்கள் இரண்டும் பழுதில்லாமல் இருந்தால் மட்டும், அவற்றைச் சீவுவதற்கு மனம் ஒப்பக் கூடாது. கழற்றி மாட்டும் செட்டில் அக்ரிலிக்கைவிட உலோக வார்ப்புச் சட்டம் மெலிதாக, உறுதியாக இருக்கும். எண்பது தாண்டியவருக்கும் இதய மருந்துகள் நிறைய எடுப்பவருக்கும் அதை மட்டமான தேர்வென்று நினைக்கத் தேவையில்லை.

5 முதல் 8 மி.மீ. வரை: குட்டை இம்பிளான்டா, அடியிலிருந்து தூக்குவதா

குட்டை இம்பிளான்ட் என்பது 6 மி.மீ. நீளமும் 4 முதல் 5 மி.மீ. தடிமனும் உள்ளது. இருக்கும் எலும்புக்குள்ளேயே நின்றுவிடும், சைனஸைத் தொடுவதில்லை. "வேர் இவ்வளவு குட்டையா இருந்தா நிக்குமா?" என்று கேட்பது இயல்பு. கடிக்கும் பாரத்தை இம்பிளான்டின் கழுத்துப் பகுதியைச் சுற்றிய முதல் சில மில்லிமீட்டர் எலும்புதான் பெரும்பாலும் தாங்குகிறது. சைனஸ் லிஃப்டோடு நீள இம்பிளான்ட் வைத்தவர்களையும் குட்டை இம்பிளான்ட் வைத்தவர்களையும் ஐந்தாண்டு வரை ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நின்றிருக்கின்றன. வீக்கம், செலவு, காத்திருப்பு மூன்றும் குட்டையில் குறைவு. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர், எதிரே இயற்கைப் பல் உள்ள வாட்டசாட்டமானவர், கேப் மிக உயரமாக வர வேண்டியவர் ஆகியோருக்கு ஒற்றைக் குட்டை இம்பிளான்டை நம்ப வேண்டாம். பக்கத்தில் இன்னொன்று வைத்து இரண்டு கேப்பையும் இணைத்துவிடலாம்.

அடியிலிருந்து தூக்குவது 1994இல் சம்மர்ஸ் என்ற பல் மருத்துவர் விளக்கி எழுதிய முறை. இம்பிளான்டுக்குத் துளைக்கும் அதே துளை வழியாக, சைனஸ் தரைக்கு 1 மி.மீ. கீழே துளையை நிறுத்துவார்கள். பிறகு ஆஸ்டியோடோம் என்ற உளியை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, மெல்லிய தரையைச் சவ்வோடு சேர்த்து மேலே தள்ளுவார்கள். நிம்மதியாக 3, 4 மி.மீ. கூடுதல் கிடைக்கும். இம்பிளான்டை அப்போதே வைத்துவிடலாம். எலும்பு பொருபொருவென்று இருப்பதால், கடைசி டிரில் இம்பிளான்டைவிட ஒரு அளவு சிறியதாக இருக்க வேண்டும். முழு அளவு துளைத்தால் பிடிப்பு கிடைக்காது.

இதில் கெடக்கூடியவை இரண்டு. முதலாவது, சவ்வு கிழிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. டாக்டர் மூக்கைப் பொத்தி லேசாக ஊதச் சொல்லி, துளையில் காற்றுக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். இரண்டாவது, சுத்தியல் தட்டில் உள்காதின் துகள்கள் இடம் பெயர்ந்து, மறுநாள் காலை படுக்கையை விட்டு எழும்போது வீடே சுற்றும். பயப்பட வேண்டியதில்லை. தலையைக் குறிப்பிட்ட வகையில் திருப்பிச் செய்யும் எளிய சிகிச்சையில் காது மூக்கு டாக்டர் சரிசெய்வார். உளி இல்லாமல், எலும்பைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டே போகும் டிரில்களும் நீர் அழுத்தத்தால் தூக்கும் கருவிகளும் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை குறைந்துவருகிறது.

இந்த அளவில் தூள் தேவையா? 3 மி.மீ. மட்டும் தூக்கும் இடத்தில், சவ்வைக் கூடாரம்போல் இம்பிளான்டே தாங்கிப் பிடித்தால், அடியில் தேங்கும் ரத்தக் கட்டியே எலும்பாக மாறும். ஆகவே 6 மி.மீ. எலும்பு இருப்பவருக்கு "ரெண்டு பாட்டில் பவுடர்" என்று கணக்கு வந்தால், காரணம் கேட்பது நியாயம். 6-7 மி.மீ. உள்ளவருக்கு எங்கள் சாய்வு குட்டை இம்பிளான்ட் பக்கம்தான். 5க்கு அருகில், கடிக்கும் வேகமும் அதிகம் என்றால் அடியிலிருந்து தூக்குவது.

4-5 மி.மீ.க்குக் கீழே: பக்கவாட்டுச் சன்னல்

1970களில் அமெரிக்காவில் டேட்டம் தொடங்கி, 1980இல் பாய்ன், ஜேம்ஸ் இருவரும் எழுதி வெளியிட்ட பக்கவாட்டு சைனஸ் லிஃப்ட் முறை இது. மரத்துப்போகும் ஊசியிலேயே செய்யலாம், முழு மயக்கம் கட்டாயமில்லை. ஒரு பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஈறைக் கீறி விலக்கி, கன்னப் பக்கத்து எலும்பில், சைனஸ் தரைக்கு 2-3 மி.மீ. மேலே ஒரு சன்னல் வெட்டுவார்கள். அகலம் 10 முதல் 15 மி.மீ., உயரம் 8 முதல் 10. சுழலும் டிரில் முனையான பர்ரைவிட அதிர்வால் வெட்டும் பீசோ கருவி நல்லது, அது எலும்பை வெட்டும், மென்திசுவைச் சட்டென்று கிழிக்காது. சன்னலுக்குள் தெரியும் சவ்வு முட்டை ஓட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தோல்போல மெல்லியது, 1 மி.மீ.கூட இருக்காது. வளைந்த கரண்டிகளால், எப்போதும் எலும்பை ஒட்டியே, முதலில் தரையிலிருந்தும் பிறகு மூக்குப் பக்கத்து உள்சுவர் வரையும் அதை விலக்க வேண்டும். உள்சுவர் வரை போகாமல் நிறுத்துவது அவசரக்காரர்கள் செய்யும் தப்பு. கன்னப் பக்கம் மட்டும் எலும்பு வளர்ந்து, இம்பிளான்டின் மறுபக்கம் வெறுமையாக நிற்கும்.

உருவான இடத்தில் தூளைச் சலைனிலோ நோயாளியின் ரத்தத்திலோ நனைத்து, திணிக்காமல் தளர்வாக நிரப்புவார்கள். ஒரு பல்லுக்கு 1 முதல் 1½ சி.சி., மூன்று பல் இடத்துக்கு 3 சி.சி. வரை. இறுக்கி அடைத்தால் ரத்தக் குழாய் உள்ளே வர இடம் இருக்காது, சவ்வும் பின்னால் அழுகிக் கிழியலாம். சன்னலைக் கொலாஜன் என்ற புரதத்தில் செய்த சவ்வால் மூடித் தையல் போட்டால் வேலை முடிந்தது. எலும்பு 4-5 மி.மீ. இருந்து இம்பிளான்ட் ஆடாமல் இறுகினால் அன்றே வைக்கலாம். 2-3 மி.மீ. மட்டும் இருக்கும்போது ஆசைப்பட்டு வைத்தால், அது சைனஸுக்குள்ளேயே விழுந்துவிட்ட சம்பவங்கள் உலகமெங்கும் பதிவாகியுள்ளன. அப்புறம் அதை எடுக்கத் தனி அறுவை.

சவ்வு கிழிவதுதான் இந்த வேலையின் அடிக்கடி வரும் சிக்கல். கைதேர்ந்தவர்களிடமும் ஐந்தில் ஒன்று என்ற அளவில் நடக்கிறது. 5 மி.மீ.க்குக் குறைந்த கிழிசலை மடித்து, கொலாஜன் ஒட்டு வைத்துத் தொடரலாம். 10 மி.மீ.க்கு மேல் போனால் நிறுத்தி மூடிவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி திறப்பதே புத்திசாலித்தனம். "கிழிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று முன்கூட்டியே கேளுங்கள். "கிழியாது" என்ற பதில் நல்ல பதில் அல்ல.

தூள் எதிலிருந்து வருகிறது

இதை நம்மூரில் பலர் கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அல்லது முடிந்த பிறகு கேட்டு வருந்துகிறார்கள். உலகில் அதிகம் ஆராயப்பட்ட தூள் மாட்டெலும்பிலிருந்து செய்வது, ஸ்விட்சர்லாந்தின் பயோ-ஆஸ் அதில் பேர்பெற்றது. புரதம் முழுவதையும் நீக்கிய தாதுச் சட்டகம் மட்டுமே அதில் இருக்கும். மிக மெதுவாகக் கரைவதால் உயரம் குறையாமல் நிற்கும், பல வருடம் கழித்தும் துகள் உள்ளே இருக்கும். சின்னத் துகள் அரை கிராம் ஏறத்தாழ 1 சி.சி. வரும், ஒரு பல்லுக்கு எத்தனை பாட்டில் என்று இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மாட்டுப் பொருள் வேண்டாம் என்பவருக்குச் செயற்கைத் தூள் உண்டு. ஹைட்ராக்ஸிஅபடைட்டும் டிரைகால்சியம் பாஸ்பேட்டும் கலந்தது, 60-40 கலவை பரவலாகக் கிடைக்கிறது. சைனஸ் நாலு பக்கமும் சுவர் உள்ள இடம் என்பதால் இங்கே செயற்கைத் தூளும் நன்றாகவே வேலை செய்யும், சற்றுக் கூடுதலாகக் காத்திருந்தால் போதும். தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய மனித எலும்பும் உண்டு. சொந்த எலும்பு கீழ்த்தாடையின் பின்மூலையிலிருந்து எடுப்பது, அது சீக்கிரம் பிடிக்கும், தனியாகப் போட்டால் சீக்கிரம் கரைந்தும் போகும், எடுத்த இடத்திலும் வலி. அதனால் கொஞ்சம் எடுத்து வேறு தூளோடு கலப்பதே வழக்கம்.

கவனிக்காமல் விடுவது மேலே மூடும் கொலாஜன் சவ்வை. தூள் செயற்கையாக இருந்தாலும் சவ்வு பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வந்ததாக இருக்கலாம், பயோ-கைட் பன்றிக் கொலாஜன்தான். இளையான்குடிப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் இது பெரிய விஷயம். மாற்று, நோயாளியின் ரத்தத்திலிருந்தே செய்யும் பிஆர்எஃப் சவ்வு. கையிலிருந்து 10 மி.லி. குழாய்களில் ரத்தம் எடுத்து, மருந்து எதுவும் சேர்க்காமல் உடனே பன்னிரண்டு நிமிடம்போல் சுற்றினால் கிடைக்கும் ஜெல்லைச் சப்பையாக்கினால் சவ்வு. ஈறு ஆறுவதற்கு நல்லது, ஆனால் தூளுக்குப் பதிலாக அதுவே இவ்வளவு எலும்பை வளர்த்துவிடும் என்று விற்றால் நம்ப வேண்டாம்.

எல்லாப் பல்லும் போனவருக்கு

இங்கே கணக்கு வேறு. இரு பக்கமும் சைனஸ் லிஃப்ட் செய்து ஆறு, எட்டு இம்பிளான்ட் வைப்பது ஒரு வழி, ஏறத்தாழ ஒரு வருடம். மற்றொன்று சைனஸை விட்டு விலகிப்போவது. கோரைப்பல்லுக்கு இடைப்பட்ட முன்பகுதியில் 10 மி.மீ. உயரமும் 5 மி.மீ.க்குக் குறையாத அகலமும் இருந்தால், முன்னே இரண்டு நேராக, பின்னே இரண்டு 30 முதல் 45 டிகிரி சாய்வாக, நாலு இம்பிளான்டில் பத்துப் பன்னிரண்டு பல் நிற்கும். போர்ச்சுகலின் பாலோ மாலோ பரப்பிய முறை இது. இம்பிளான்ட் 35 நியூட்டன் செ.மீ. இறுக்கத்தில் நின்றால் தற்காலிகப் பல்லை ஓரிரு நாளிலேயே மாட்டிவிடலாம், அதைக் கழற்றாமல் சில மாதம் மென்மையாகச் சாப்பிட வேண்டும். நாலில் ஒன்று போனால் முழு வரிசையும் ஆட்டம் காணும் என்பது இதன் பலவீனம். இடம் இருந்தால் ஆறாக வைத்துக்கொள்வது மேல்.

முன்பக்கமும் எலும்பு இல்லை என்றால் கன்னக் குமிழ் எலும்பில் பிடிக்கும் சைகோமாட்டிக் இம்பிளான்ட், 30 முதல் 50 மி.மீ. நீளம். கண் குழிக்கு வெகு அருகில் போகும் வேலை. தாடை அறுவை நிபுணர், மயக்க மருத்துவர், மருத்துவமனை வசதி மூன்றும் வேண்டும். இதற்கு மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோதான் போக வேண்டியிருக்கும். இது தோற்றால் அதற்கு அப்புறம் வழி மிகக் குறைவு. எழுபது வயதில் கழற்றி மாட்டும் செட்டோடு நிம்மதியாகச் சாப்பிடுபவரை இதற்கு இழுக்கத் தேவையில்லை.

நாள்காட்டி

குட்டை இம்பிளான்டில் கேப் வர 3-4 மாதம், அடியிலிருந்து தூக்கியதில் 4-6, சன்னல் வழியில் இம்பிளான்டும் சேர்த்து வைத்தால் 6-8 மாதம். தூளை மட்டும் போட்டு ஆறிய பிறகு இம்பிளான்ட் என்றால் மொத்தம் பத்து மாதத்திலிருந்து ஒரு வருடம். மூன்று வார லீவில் இவற்றில் எதுவும் முழுதாக முடியாது. ஒரு லீவில் அறுவை, அடுத்ததில் கேப் என்று பிரித்துக்கொள்ளலாம். உள்ளூரில் இருப்பவருக்கு விசேஷம் இல்லாத ஆடியில் அறுவையை வைத்துக்கொண்டால், தை முகூர்த்தங்களுக்கு முன் எலும்பு ஆறு மாதத்தை எட்டியிருக்கும். இன்னொன்று: சன்னல் அறுவைக்குப் பிறகு இரண்டு வாரமாவது பழைய செட்டை அந்த இடத்தில் போடக் கூடாது. பேத்தி கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு செய்துகொண்டால், போட்டோ முழுக்க வாயை மூடியே நிற்க வேண்டியிருக்கும்.

அறுவைக்குப் பிறகு இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, ஊதுகுழலால் அடுப்பு ஊதக் கூடாது. நாதஸ்வரம் வாசிப்பவரும் கோயிலில் சங்கு ஊதுபவரும் எப்போது மறுபடி வாயில் வைக்கலாம் என்று டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும், ஒரு மாதத்துக்குக் குறையாது. விமானம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம், பல்லவன் ரயிலில் போவதில் தடையில்லை. மூக்குப்பொடிக்கு இங்கே மன்னிப்பே இல்லை: பொடியும் தும்மலும் சேர்ந்து தையலைப் பிரித்துவிடும். வெற்றிலையோடு புகையிலை போடுபவர், சிகரெட் பிடிப்பவர் ஒரு வாரம் முன்பும் எட்டு வாரம் பின்பும் நிறுத்த வேண்டும். இடியாப்பம், பால் பணியாரம், கும்மாயம் எல்லாம் சூடு ஆறியபின் சாப்பிடலாம், இனிப்பானவற்றைச் சர்க்கரை நோய் இல்லாதவர் மட்டும். தேன்குழலும் சீப்புச் சீடையும் மறுபக்கத்தில்கூட ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். வயதானவருக்குக் கன்னத்து நீலம் கழுத்து வரை இறங்கினாலும் அது தானே மறையும். முதல் இரண்டு நாள் மூக்கில் லேசான ரத்தக் கசிவு வரலாம். ஒரு வாரத்துக்குப் பின் ஒரே பக்க மூக்கில் மஞ்சளாக ஒழுகினால், வாடை வந்தால், மூக்கில் மணல்போல் துகள் வந்தால் அன்றே போக வேண்டும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தனியாக இருக்கும் பெரியவருக்கு இரவு ஒன்பது மணிக்கு ரத்தம் நிற்கவில்லை என்றால் யார் போனை எடுப்பார்கள் என்பது எந்த கம்பெனி பவுடர் என்பதைவிட முக்கியமான கேள்வி. செய்தவர் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருபவர் என்றால், உள்ளூர் டாக்டர் பொறுப்பேற்கிறாரா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 8க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரலாம். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறை போடும் சோலெட்ரானிக் ஊசி, டெனோசுமாப் ஊசி போட்டவர் அதைச் சொல்லாமல் உட்காரவே கூடாது. தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. சைனஸ் தொல்லை இருப்பவர் காது மூக்கு டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டும்.

பில்லில் ஸ்கேன், அறுவை, தூள், சவ்வு, இம்பிளான்ட், அதையும் கேப்பையும் இணைக்கும் அபட்மென்ட், கேப் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். "பேக்கேஜ்" என்றால் சைனஸ் சவ்வு கிழிந்து இரண்டாம் தடவை திறக்க நேர்ந்தால் யார் செலவு என்று அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். இம்பிளான்ட், தூள் இரண்டின் டப்பாவிலும் கம்பெனி பெயர், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ஸ்கேன் சிடியோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருடம் கழித்து சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கும்போது அபட்மென்ட் திருகு தளர்ந்தால், அந்த ஸ்டிக்கர் இல்லாமல் எந்தச் சாவி பொருந்தும் என்று அங்குள்ள டாக்டருக்குத் தெரியாது.